டிக்கெட் இல்லாத ஒரு வாரம்: சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துக் கோடைத் திருவிழாக்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் பிறந்தால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் பெருகிவிடும். பொள்ளாச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் அக்கா பிள்ளைகள், மச்சினன் குடும்பம், அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் வரை வந்து இறங்குவார்கள். இரண்டாம் நாளே கேள்வி வரும்: “இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” நிறைய இருக்கிறது, அத்தனையும் இலவசம். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் மேளம் முடிந்த பிறகு போய்ச் சேருவார்கள். மீதிப் பேர் நேரத்துக்குப் போய், கூத்து தொடங்கும் முன்பே தூங்கிவிடுவார்கள். பல கோடைகள் இந்தக் கூட்டத்தை மேய்த்ததில் எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

1. முதலில் வாரத்தை முடிவு செய்யுங்கள்

விடுப்பு கிடைத்த வாரத்தில் கிளம்பி வருவதுதான் முதல் தவறு. இந்தப் பக்கத்துத் திருவிழாக்கள் ஏப்ரல், மே முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை. சில வாரங்களில் கொத்தாக வரும், சில வாரங்களில் ஒன்றும் இருக்காது.

மலையாள மீன மாதம் 20ஆம் தேதி நென்மாராவில் நெல்லிக்குளங்கரை பகவதி கோயில் வேலா, அதாவது கோயில் திருவிழா. ஆங்கிலத் தேதிக்கு ஏப்ரல் 2 அல்லது 3 வரும். நென்மாரா, வல்லங்கி என்ற இரண்டு தேசத்தாரும் (ஊர்க்காரர்களும்) போட்டி போட்டு நடத்துவது. கேரளப் பள்ளிகள் மார்ச் கடைசியில் மூடிவிடும் என்பதால் இங்குள்ள பிள்ளைகளுக்கு விடுமுறை. தமிழ்நாட்டுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அப்போது தேர்வு இருக்கலாம். எல்லை ஊர்களில் ஒரே வீட்டில் அண்ணன் இங்கேயும் தங்கை அங்கேயும் படிப்பது உண்டு, ஆகவே இதைக் கேட்டுக்கொண்டு நாள் குறியுங்கள்.

மலையாள மேட மாதத்தில் பூர நட்சத்திரத்தன்று திருச்சூர் பூரம். 2024இல் ஏப்ரல் 19, 2025இல் மே 6 என்று இரண்டு வாரத்துக்கு மேல் நகர்ந்தது. சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு முதல் திருவிழாவாக இதைச் சொல்ல மாட்டேன். கழுத்து வரை கூட்டம் இருக்கும். அதற்குப் பதில் பூரத்துக்கு முந்தைய நாள் போனால் பூரத்தை நடத்தும் இரு தேவஸ்வங்களும் (கோயில் நிர்வாகங்களும்) வைக்கும் ‘சமயம்’, அதாவது யானை அலங்காரப் பொருட்களின் கண்காட்சியைப் பார்க்கலாம். நெற்றிப்பட்டம், முத்துக்குடை, வெண்சாமரம் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்க முடியும். மறுநாள் இவற்றை நூறடிக்கு அப்பாலிருந்துதான் பார்ப்பீர்கள்.

நான் பரிந்துரைப்பது மலையாளிகளின் சித்திரைப் பண்டிகையான விஷு கழிந்த அடுத்த வாரம். இரவெல்லாம் பாடி ஆடும் கிராமத்துக் கண்யார்களி, நம் தமிழ் ஊர்களின் மாரியம்மன் சாட்டுத் திருவிழா, நூலகங்களின் பிள்ளைகள் முகாம் எல்லாம் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் வரும். எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர், பெருங்கூட்டமும் இல்லை. மே 20 தாண்டிவிட்டால் மழைக்காலம் நெருங்கிவிடும், ஊர்களும் களைத்திருக்கும்.

2. நோட்டீஸைக் கையில் வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு கோயில் கமிட்டியும் நிகழ்ச்சி நிரலை அச்சடித்து நோட்டீஸ் போடும். டீக்கடை, பலசரக்குக் கடை, பஸ் நிறுத்தம், ஊர் நூலகத்தின் பலகை இந்த நான்கு இடங்களில் பார்த்தால் போதும். இணையத்தில் தேடினால் பெரிய பூரங்கள் மட்டும் கிடைக்கும், அதுவும் பல நேரம் போன ஆண்டுத் தேதியோடு. டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு “இந்த வாரம் எங்கே களி இருக்கிறது?” என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லாவிட்டாலும் பக்கத்தில் நாளிதழ் பார்க்கிறவர் சொல்வார்.

நோட்டீஸ் மலையாளத்தில் இருக்கும். யாரையாவது உரக்கப் படிக்கச் சொன்னால் முக்கால்வாசி நமக்குப் புரியும். ஆபத்து அங்கேதான், ஏனென்றால் புரிந்தது போலத் தோன்றும் சொற்கள்தான் கவிழ்க்கும்.

“ராவிலெ 5 மணி” என்பது இரவு அல்ல, காலை. என் மச்சினன் இதை “இரவிலே” என்று எடுத்துக்கொண்டு, விடியற்காலை எழுந்தருளலுக்கு அன்று பொழுது சாய்ந்து போய் நின்றார். கோயில் வாசலில் பந்தல்காரர் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மாலைக்கு “வைகுந்நேரம்” என்று போட்டிருக்கும்.

“சௌஜன்யம்” என்றால் இலவசம். “பிரவேசனம் சௌஜன்யம்” என்று கண்டால் தயங்காமல் உள்ளே போகலாம். “சம்பாவன” என்றால் நன்கொடை. கொடுத்தால் வாங்குவார்கள், கொடுக்காவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். “வழிபாடு” என்று எழுதிய சாளரத்தில் நிற்பது சாமி கும்பிட அல்ல, பூஜைக்குப் பணம் கட்ட. கும்பிடுவதற்கு வரிசை வேறு. வேலாவை மலையாளத்தில் “வேல” என்று எழுதுவார்கள். அதை “வேலை” என்று வாசித்து, “ஞாயிற்றுக்கிழமை கூடவா வேலை?” என்று கேட்ட பிள்ளையும் எங்கள் வீட்டில் உண்டு.

அடுத்தது தேதி. மீனம் நம் பங்குனி, மேடம் நம் சித்திரை. ஆனால் இரு கணக்கும் எல்லா ஆண்டும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. சூரியன் ராசி மாறுவது சூரிய அஸ்தமனத்துக்கு முன் என்றால் தமிழ்க் கணக்கில் அன்றே மாதம் பிறந்துவிடும். மலையாளக் கணக்கில் நண்பகலுக்குச் சற்றுப் பிந்திய ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மறுநாள்தான் ஒன்றாம் தேதி. 2023இல் சித்திரை 1 ஏப்ரல் 14ஆகவும் விஷு 15ஆகவும் வந்தது இதனால்தான். தமிழ் நாள்காட்டியில் பங்குனி 20ஐப் பார்த்துவிட்டு நென்மாராவுக்குக் கிளம்பாதீர்கள். நோட்டீஸில் அடைப்புக்குள் ஆங்கிலத் தேதி இருக்கும். அதை மட்டும் நம்புங்கள்.

கடைசியாக, நள்ளிரவைத் தாண்டிய நேரங்கள். “18 வெள்ளி, இரவு 1 மணிக்கு” என்று இருந்தால் அது பெரும்பாலும் வெள்ளி இரவு தொடர்ந்து வரும் 1 மணி, அதாவது சனி அதிகாலை. சில கமிட்டிகள் மாற்றியும் எழுதும். நோட்டீஸின் அடியில் இருக்கும் கமிட்டி எண்ணுக்கு ஒரு தடவை பேசிவிடுங்கள். தமிழில் பேசினாலே போதும்.

3. இரவுகளை எண்ணுங்கள்

நோட்டீஸ்கள் சேர்ந்ததும் ஏழு நாளுக்கும் ஏழு நிகழ்ச்சி என்று நிரப்பத் தோன்றும். வேண்டாம். இங்கே நல்லவை எல்லாம் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்போது முடிகின்றன. பணம் கேட்காதே தவிர, தூக்கத்தைக் கேட்கும்.

ஒரு வாரத்துக்கு மூன்று இரவு போதும். இரண்டு இரவுகளுக்கு நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். கண்விழிக்கும் நாளில் பகல் இரண்டு மணிக்கு எல்லோரையும் படுக்க வையுங்கள். பிள்ளைகள் மறுப்பார்கள், மின்விசிறியைப் போட்டுக் கதவைச் சாத்துங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அனல் காற்று அடிக்கும் ஊர் இது. ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. பகலில் ஊர் சுற்றிவிட்டு இரவும் விழித்தவர்கள் மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல் நம் தமிழ் ஊர்களுக்கே உரியது. நீங்கள் தங்கியிருக்கும் ஊரில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால், நோன்பு முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருக்கிறது. விருந்தாளிக்கும் அது பொருந்துமா என்பதை வீட்டுப் பெரியவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். பொருந்தும் என்றால் விடிய விடியப் பார்க்கும் கூத்தைச் சாட்டுக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்காமல் திட்டம் போட்ட ஓர் ஆண்டு, ஒற்றப்பாலம் போக எடுத்த ரயில் டிக்கெட் அலமாரியிலேயே கிடந்தது. பாட்டி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

4. பை

ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பழைய பெட்ஷீட், டார்ச், ஒரு துண்டு. பெட்ஷீட் உட்காருவதற்கும் பிறகு பிள்ளைகள் அதிலேயே தூங்குவதற்கும். துண்டு வியர்வைக்கு.

ஆண்கள் வேட்டி கட்டி வருவது நல்லது. பல கோயில்களில் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள், ஜீன்ஸ் போட்டவர் வெளியே நிற்க வேண்டியதுதான். பிற மதத்தவருக்கு உள்ளே அனுமதி இல்லாத கோயில்களும் இருக்கின்றன. ஆனால் மேளம், களி, கூத்து எல்லாம் வெளி முற்றத்திலும் வயலிலும்தான், அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50 ரூபாய் கொடுத்து, “ஐஸ், பலூன், ராட்டினம் எல்லாம் இதற்குள்” என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். திருவிழா இலவசம், திருவிழாக் கடை இலவசமல்ல.

5. வேலாவில் எங்கே நிற்பது

மேளத்தைப் பார்க்கப் போகிறவர்கள் யானைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். அது இரண்டு விதத்தில் தவறு. யானை வாலடியிலும் பக்கவாட்டிலும் நிற்பது எப்போதுமே ஆபத்து. அது மிரண்டால் பாகனுக்கே நேரம் இருக்காது. இரண்டாவது, மேளக்காரர்கள் யானைகளைப் பார்த்து நின்று வாசிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், கூட்டத்தின் நடுவில் நின்றால்தான் ஒலி முழுதாக வந்து சேரும். யானைக்குப் பழம் நீட்டாதீர்கள், பிளாஷ் அடிக்காதீர்கள்.

தொடக்கத்திலேயே போய்விடுங்கள். பஞ்சவாத்தியம் சங்கொலியோடு தொடங்கும். திமிலை, மத்தளம், இடக்கை, கொம்பு, இலத்தாளம் ஐந்தும் முதலில் மிக நிதானமாகப் போகும். புதியவர்கள் “இவ்வளவுதானா?” என்று கடலை வாங்கப் போய்விடுவார்கள். கதையே அந்த நிதானம் எப்படிச் சுருங்குகிறது என்பதுதான். செண்டை மேளத்தில் இதை விரலாலேயே எண்ணலாம். பஞ்சாரி மேளம் ஒரு சுற்றுக்கு 96 அட்சரத்தில் (தாள எண்ணிக்கையில்) தொடங்கி 48, 24, 12 என்று பாதி பாதியாகக் குறைந்து 6இல் முடியும். பாண்டி மேளம் ஏழின் கணக்கு. போன முறை என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் ஈர மண் ஒட்டிய காலோடு நேரே வயலிலிருந்து வந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். கட்டம் மாறும் அந்த நொடியில், மேளக்காரர்களுக்கு ஒரு இமைப்பு முன்பாகவே அவர் கை மேலே போனது. அவரைப் பார்த்துத்தான் என் அக்கா மகன் எண்ணக் கற்றுக்கொண்டான்.

வாணவேடிக்கைக்குக் கயிறு கட்டியிருக்கும் இடத்திலிருந்து இன்னும் பின்வாங்கி நில்லுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும், அப்போது புகையும் தீப்பொறியும் எதிர்ப்புறம் போகும். 2016 ஏப்ரலில் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது வாணவேடிக்கை விபத்தில்தான். கைக்குழந்தையோடு வந்திருந்தால் அரை கிலோமீட்டர் தள்ளி யாராவது வீட்டு வாசலில் உட்காருங்கள். ஒளி அங்கிருந்தும் தெரியும், சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கூட்டத்தில் கைபேசி எடுக்காது. பிரிந்துவிட்டால் கூடும் இடத்தை இறங்கியவுடனே முடிவு செய்யுங்கள். “யானைப் பந்தலுக்குக் கீழே” என்று சொல்லாதீர்கள், இரண்டு தேசத்துக்கும் தனித்தனிப் பந்தல் இருக்கும். இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருந்துக் கடை போன்ற ஒன்றைச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளின் முன்கையில் பேனாவால் எண்ணை எழுதிவிடுங்கள். அவசரத்துக்கு 112.

6. கண்யார்களி: சீக்கிரம் எழுந்து போகாதீர்கள்

ஆலத்தூர், சித்தூர் வட்டத்துப் பகவதி கோயில்களில் நடப்பது இது. முழுதாக நடத்தும் ஊரில் நான்கு இரவு: இரவக்களி, ஆண்டிக்கூத்து, வள்ளோன், மலமா. ஆடுகிறவர்கள் எல்லோரும் அந்தத் தேசத்து ஆண்களே. பகலில் உங்களுக்குப் பஸ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் இரவில் பந்தலுக்குள் ஆடிக்கொண்டிருப்பார்.

முதலில் வட்டக்களி. விளக்கைச் சுற்றி வட்டமாகப் பாடி ஆடுவது நீண்டுகொண்டே போகும். முதல் முறை வந்தவர்கள் இதிலேயே சோர்ந்து பதினொன்றரை மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் புறாட்டு. விதவிதமான ஆட்கள் வேடத்தில் வந்து, தமிழும் மலையாளமும் கலந்து ஒருவரையொருவர் கிண்டலடிக்கும் பகுதி. பாட்டுகளிலும் தமிழ் நிறைய வரும். பக்கத்தில் சிரிக்கும் மலையாளியைவிட அரை நொடி முந்திச் சில இடங்களில் நாம் சிரிப்போம்.

ஆகவே பிள்ளைகளை வட்டக்களியின்போது தூங்க விட்டுப் புறாட்டுக்கு எழுப்புங்கள். மாற்றிச் செய்தால் இரண்டும் போச்சு. பந்தலுக்குள் செருப்போடு கால் வைக்காதீர்கள்.

7. தோல்பாவைக்கூத்து: ஒரே ஓர் இரவு

இதற்குக் கொஞ்சம் பயணம் வேண்டும். ஒற்றப்பாலம், ஷொர்ணூர் பக்கத்துப் பகவதி கோயில்களில் ஜனவரி தொடங்கி மே வரை பருவம். கோயிலுக்கு வெளியே இதற்கென்றே கட்டிய கூத்துமாடத்தில் வெள்ளைத் திரை கட்டி, பின்னால் வரிசையாக 21 விளக்கு ஏற்றி, தோலில் வெட்டிய பாவைகளின் நிழலில் ராம கதை நடத்துவார்கள். பாடுவது கம்பராமாயணப் பாட்டு, தமிழிலேயே. நடத்துபவர்களுக்குப் பெயரே புலவர்.

போகும்முன் இரண்டு காரியம் செய்யுங்கள். அன்றைக்கு எந்தப் பகுதி என்று கமிட்டியிடம் கேளுங்கள். பல இரவுகளுக்கு நீளும் கதையில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு துண்டுதான். கேட்டு வந்து அந்தப் பகுதியை வீட்டில் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவிடுங்கள். திரையில் அசைவு குறைவு, விளக்கவுரை அதிகம். கதை தெரியாத பிள்ளை பத்தாவது நிமிடம் கொட்டாவி விடும்.

ஆள் கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டதில் ராம ராவண யுத்தத்தைப் பார்க்கத் தவறிய பகவதிக்காக நடத்துவது என்பது நம்பிக்கை. முன்னால் ஒருவரும் இல்லாவிட்டாலும் நடக்கும். நாங்கள் போன இரவில் மொத்தம் ஆறு பேர், அதில் நாங்கள் நால்வர். நள்ளிரவுக்கு மேல் ஒரு பாட்டின் முதல் அடி கேட்டதும், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா அடுத்த அடியை வாய்க்குள் சொன்னார். மண்ணில் விரித்த பெட்ஷீட்டில், கொசு அடிப்பதையும் மறந்து. கொசுவர்த்தி எடுத்துப் போங்கள் என்பதைப் பையில் சொல்ல மறந்துவிட்டேன்.

8. நம் ஊர்க் கம்பம்

வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கம் மாரியம்மன் சாட்டு நடந்தால் இது மிகச் சுலபம். கோயில் முன் நட்ட முக்கிளைக் கம்பத்தைச் சுற்றி இரவு தோறும் தப்பட்டை அடிக்க ஆடுவார்கள். ஆடத் தெரியாதவர்களும் வெளி வட்டத்தில் சேரலாம். உள்வட்டம் பழகியவர்களுக்கு, அதில் நுழைந்தால் கால் மிதிபடும். ஓரமாக நின்று இரண்டு சுற்றுக் கவனித்துவிட்டு, அடி மாறும் இடம் பிடிபட்டபின் நுழையுங்கள்.

மாவிளக்கு, பொங்கல் நாளுக்குப் பிறகு மஞ்சள் நீராட்டு. அன்று வெள்ளைச் சட்டை போட்டு வெளியே போகிறவரை யாரும் காப்பாற்ற முடியாது. “நான் விருந்தாளி” என்று சொன்னால் கூட ஒரு குடம் சேர்த்து ஊற்றுவார்கள்.

9. பகல் பொழுதுகள்

கண்விழிக்காத நாட்களில் பகலை நிரப்ப ஊர் நூலகம்தான் முதல் இடம். பாலவேதி என்று பிள்ளைகள் பிரிவு இருக்கும் நூலகங்களில் விடுமுறை முகாம் நடக்கும்: பாட்டு, ஓவியம், நாடகம். வெளியூர்ப் பிள்ளையைச் சேர்ப்பார்களா என்று நூலகரிடம் நேரில் போய்க் கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் மறுத்ததில்லை. காலை பத்து மணிக்கு முன்பே போய்ப் பெயர் கொடுங்கள், நாற்காலி எண்ணிக்கைதான் கணக்கு.

மாலையில் அறுவடை முடிந்த வயலில் பந்தாட்டம் இருக்கும். ஏழு பேர் ஆடும் பெரிய போட்டிகளுக்குக் கட்டணம் வாங்குவார்கள், சாதாரண ஊர் ஆட்டத்துக்கு வரப்புதான் கேலரி. சித்தூர் தெக்கே கிராமத்தில் சோகநாசினி ஆற்றங்கரையில் மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. காலை வெயில் ஏறும் முன் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

10. திரும்பி வருவது

போவதற்கு முன்பே திரும்பும் வழியை முடிவு செய்யுங்கள். கடைசிப் பஸ் எப்போதும் மேளம் உச்சத்தைத் தொடும் முன்பே போய்விடும். போகும் பஸ்ஸிலேயே கண்டக்டரிடம் இரண்டு கேள்வி: கடைசி வண்டி எப்போது, காலையில் முதல் வண்டி எப்போது. வேலா நாளில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும் என்று பெரியவர்களிடம் முன்பே சொல்லுங்கள்.

நள்ளிரவில் ஆட்டோ பிடித்தால் மிச்சம் பிடித்த காசெல்லாம் அதிலேயே போகும். அதைவிட விடியும் வரை இருந்து முதல் பஸ்ஸில் ஏறுவது மேல். இருசக்கர வண்டியில் தூக்கக் கண்ணோடு எல்லை தாண்டிப் பொள்ளாச்சி போகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைப் பிடுங்கி வையுங்கள். முதல் பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கைக்குப் பிள்ளைகள் சண்டை போட மாட்டார்கள், ஏறி உட்காரும்போதே தூங்கியிருப்பார்கள். இறங்கும்போது தலையை எண்ணுங்கள், பெட்ஷீட்டையும்.